திண்டிவனத்தின் மூன்று மரணங்கள்: ஐடா ஸ்கடரும் பேறுகாலச் செவிலியமும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவர் என்றே ஐடா ஸ்கடரைப் பெரும்பாலோர் அறிவர். பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணை யார் தொடலாம் என்பதைச் சாதியும் மதமும் முடிவு செய்த சமூகத்தில், அந்த முடிவுக்கு எதிராக ஒரு தொழிலையே உருவாக்கியவர் என்பதும் அவரது வரலாறு. ஒடுக்கப்பட்டோர் நோக்கிலிருந்து அதை மீண்டும் வாசிக்க வேண்டியுள்ளது.

1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ மிஷனரிக் குடும்பத்தில் ஐடா பிறந்தார். தாது வருடப் பஞ்சத்தில் பட்டினியால் வாடிய குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டார். பின்னர் அமெரிக்காவில் பயின்ற அவருக்கு இந்தியாவில் பணியாற்றும் எண்ணம் இருக்கவில்லை. தாயின் உடல்நலக் குறைவே 1890இல் அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தது.

அங்கே ஓர் இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து அவரது வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துன்புற்றுக் கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். அழைத்தால் உடனே புறப்பட்டிருப்பார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

இந்நிகழ்வு இறை அழைப்பாகவே பலகாலமாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் மருத்துவம் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அதனைப் பெறும் உரிமைதான் அப்பெண்களுக்கு இல்லை. இந்தக் கதையில் இடம்பெறாத பெண்களும் உண்டு. சேரியிலும் மலையிலும் பிரசவத்தில் இறந்தவர்கள் எந்த வரலாற்றிலும் திருப்புமுனையாக ஆனதில்லை. ஊரார் பிரசவங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மருத்துவச்சிகளோ பெரும்பாலும் நாவிதர் முதலான ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களின் கை தேவைப்பட்டது. அக்கை தீட்டு என்றும் ஒதுக்கப்பட்டது.

அந்த மரணங்களுக்குப் பின் ஐடா மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது.

ஒரு மருத்துவர் எத்தனை பிரசவங்களுக்கு உடனிருக்க முடியும்? வலி தொடங்கியது முதல் தாயின் அருகிலேயே இருந்து, நாடித்துடிப்பையும் இரத்தப்போக்கையும் கவனித்து, ஆபத்தை முன்கூட்டியே அறிந்து சொல்பவர் செவிலியரே. எனவே ஐடா 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இரத்தத்தையும் கழிவையும் துடைக்கும் வேலை இழிவென உயர்சாதியினர் விலகி நின்றதால், அக்காலத்தில் செவிலியப் பணிக்கு வந்தோர் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள். இழிவெனப்பட்ட வேலை அவர்கள் வழியே பயிற்சியும் சான்றிதழும் ஊதியமும் உள்ள தொழிலாயிற்று. ஐடாவின் பங்களிப்புகளில் சமூக நோக்கில் முதன்மையானது இதுவே.

குடியாத்தம் சாலையோரம் மரத்தடிகளில் அவர் நடத்திய மருத்துவ முகாம்கள் மருத்துவத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றன. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது; அதன் முதல் அணியினர் 1922இல் தேர்ச்சி பெற்றனர். 1946இல் செவிலியப் பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1960 மே 24 அன்று கொடைக்கானலில் ஐடா மறைந்தார்.

அவர் கட்டியது நன்கொடையால் இயங்கிய நிறுவனம். நன்கொடையை எவரும் வழக்காடிப் பெற முடியாது. உரிமையைப் பெற முடியும். பாதுகாப்பான பேறுகாலம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2010இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்று திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. இன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். அதற்கென அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆயினும் 2024 ஜூன் மாதக் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகே, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலையில் சாலை என்பதும் பேறுகால உரிமையே. வண்டி செல்லாத ஊரில் வலி கண்ட பெண்ணுக்கு, மலையடிவாரத்து மருத்துவமனை இருந்தும் இல்லாததே.

திண்டிவனத்துப் பெண்களைத் தடுத்தது வீட்டு ஆண்களின் சாதி, மதக் கட்டுப்பாடு. மலைப்பெண்ணைத் தடுப்பது அரசின் புறக்கணிப்பு. மலையிலேயே தங்கிப் பணிபுரியும் பயிற்சி பெற்ற செவிலியர், அவருக்குப் பாதுகாப்பான குடியிருப்பு, நள்ளிரவிலும் வண்டி செல்லும் சாலை: இம்மூன்றையும் கருணையாக அல்ல, கடமையாக அரசிடம் கேட்பதே ஐடா ஸ்கடரை நாம் நினைவுகூரும் முறை.