அணுக் கணக்கைத் தீர்த்த சட்ட அறிஞர்
இத்தாலியின் டூரின் நகரில் 1776-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி பிறந்தவர் அவகாட்ரோ. சட்டம் படித்து 1796-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் நாட்டம் விஞ்ஞானத்தில் சென்றது. 1809-ல் வெர்செல்லி நகரில் ஆசிரியரானார்.

அக்காலத்தில் ஒரு புதிர் இருந்தது. 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் கூடினால் 2 லிட்டர் நீராவி உண்டாகிறது. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குப் பகிர்ந்து போவது எப்படி? அணுவைப் பிளக்க முடியாதே!

1811-ல் அவகாட்ரோ விடை கூறினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உண்டு, மூலக்கூறுதான் பிரிகிறது.

ஒரே வகை அணுக்கள் இரண்டு எப்படி இணையும் என்று அறிஞர்கள் ஒதுக்கினர். 1856 ஜூலை 9-ந் தேதி அவர் காலமானார். 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோ அக்கருத்துக்கு உயிரூட்டினார். அணு எடைகள் சீர்பட்டன, சமன்பாடுகள் நேர்பட்டன.

18 கிராம் தண்ணீர் ஒரு மோல். அதிலுள்ள மூலக்கூறுகள், 6,022-க்குப் பின் 20 பூஜ்யங்கள் இட்டால் வரும் அளவு. அந்த எண்ணை அவகாட்ரோ கணக்கிட்டதில்லை. ஆயினும் அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.