காந்தியடிகள் கேட்ட குரல்

இரவு செபம் முடிந்து, விளக்கை அணைத்துப் பாயில் தலை சாய்த்த பிறகுதான் நம்மில் அநேகருக்கு உண்மையான பேச்சு தொடங்குகிறது. உதடு அசைவதில்லை, ஓசையும் எழுவதில்லை. ஆயினும் மளிகைக் கடை பாக்கியும், பகலில் மைத்துனரோடு மூண்ட சச்சரவும், அவருக்குச் சொல்லத் தவறிய பதிலும் உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். ஆத்தும சோதனைக்கு முழந்தாளிட்டாலும் இதே தொல்லைதான். இத்தனை பேச்சுக்கு நடுவே மனச்சாட்சியின் குரல் எது, நம் ஆசையின் குரல் எது? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடிய ஒருவரின் சரித்திரத்தை இவ்வாரம் பார்ப்போம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர்; ஆனால் சேசுநாதர் மலைமேல் செய்த பிரசங்கத்தில் மனம் பறிகொடுத்தவர்.

மோகன்தாஸ் காந்தி 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். சிறுவயதில் இருட்டென்றால் நடுங்குவார். பேய்க்கும் பாம்புக்கும் பயந்த பிள்ளைக்கு, வீட்டுப் பணிப்பெண் ரம்பா, இராம நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்படி கற்றுக்கொடுத்தாள். எழுத்தறிவு மிகுந்த பண்டிதர்கள் கொடுத்ததைவிட இந்த ஏழைப் பெண் கொடுத்ததே கடைசிவரை அவர் நெஞ்சில் நின்றது. பதினைந்து வயதில் தமையனாருடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். உள்ளே ஒரு பாரம் அழுத்திற்று. வாயால் சொல்லத் தைரியமில்லை. குற்றத்தைக் காகிதத்தில் எழுதி, வியாதியாய்க் கிடந்த தகப்பனாரிடம் நீட்டினார். தகப்பனார் வாசித்தார், கண்ணீர் வடித்தார், காகிதத்தைக் கிழித்துப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாவசங்கீர்த்தனத்தின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் முன் பேசிய இவர், வாலிபத்தில் நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசினவர். இலண்டன் சைவ உணவுச் சங்கத்தில் தம் கருத்தை எழுதிக்கொண்டு போக, அதை வேறொருவர் வாசிக்க நேர்ந்தது. பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றவர், நா எழாமல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூச்சமே தமக்குச் சொற்சிக்கனம் கற்பித்தது என்று பின்னாளில் அவர் கருதினார். திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். அவசியமானதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 1931-ல் இலண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போய் உட்கார்ந்த முதல் நாளும் திங்கட்கிழமையாயிருந்தபடியால், அங்கும் வாய் திறக்கவில்லை.

1919-ம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தார். ரௌலட் சட்டத்தை எதிர்க்கும் வழி தெரியாமல் யோசித்தபடியே உறங்கியவருக்கு, விடியுமுன், உறக்கமும் விழிப்புமான வேளையில் ஒரு யோசனை பளிச்சிட்டது. தேசமெங்கும் ஒரு நாள் வேலையை நிறுத்தி உபவாசமும் பிரார்த்தனையும் செய்வதென்பதே அது. ஏப்ரல் 6-ந் தேதி தேசமே அதன்படி நடந்தது. ஆனால் சில நாட்களுக்குள் ஆமதாபாத் முதலிய இடங்களில் ஜனங்கள் கொலை, தீவைப்பில் இறங்கினர். காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாமலிருந்து, இயக்கத்தை நிறுத்திவைத்தார். பக்குவப்படாத ஜனங்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தது இமாலயத் தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். குரல் கேட்டதாகச் சொல்லுகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. கேட்டபின் தவறினேன் என்று சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்?

நம் பக்கத்துக்கு வருவோம். நமது மானகிரி சாலையில் பஸ் ஏறினால் போய்ச்சேரும் மதுரையில், மேலமாசி வீதி வீடொன்றில் 1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தங்கினார். அந்நியத் துணியை விடச் சொன்னால், கதர் வாங்க ஏழைகளிடம் காசில்லை என்று பதில் வந்தது. உடையைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் முன்னும் இருமுறை அவருக்குள் எழுந்ததுண்டு. இருமுறையும் துணிவின்றித் தள்ளிப்போட்டார். மூன்றாம் முறை தள்ளவில்லை. செப்டம்பர் 22-ந் தேதி முதல் முழங்காலளவு துண்டுதான் அவருடைய உடை. 1927-ல் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்தபோது நம் பெரியவர்கள் கண்டது இந்தக் கோலத்தைத்தான்.

எரவாடா சிறையில் 1933-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் நடந்ததே எல்லாவற்றிலும் அதிசயமானது. ஹரிஜனங்களின் காரியமாக மனம் பல நாள் குழம்பியிருந்தது. ஓர் இரவு, தூரத்திலிருந்து வருவது போலவும் அருகிலேயே ஒலிப்பது போலவும், மனிதக் குரலுக்கு ஒப்பான குரலைத் தெளிவாகக் கேட்டதாகப் பின்னர் எழுதினார். இருபத்தொரு நாள் உபவாசம் என்பது கட்டளை. குரல் கேட்டதும் போராட்டம் அடங்கிச் சாந்தி வந்ததாம். இராஜாஜி முதலானோர் வாதாடித் தடுத்துப் பார்த்தனர். சொந்த மனதின் மயக்கமே என்று சிலர் சொன்னார்கள். நிரூபிக்கத் தம்மிடம் சாட்சியில்லை என்று காந்தியடிகளும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை. உண்மையும் அடக்கமுமாகிய விரதங்களில் நெடுநாள் பழகாதவன் அத்தகைய குரலைக் கேட்டதாகச் சொல்லத் துணியலாகாது என்பது அவருடைய எண்ணம். அது தெய்வக் குரல்தானா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். பசியும் சாவுமே அது கேட்ட விலை; ஆசையின் குரல் அப்படிக் கேட்பது அபூர்வம். மே 8-ந் தேதி தொடங்கிய உபவாசம் 29-ந் தேதி பூனாவில் நிறைவுற்றது. அப்போது அவருக்கு வயது அறுபத்துமூன்று.

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மாலை, டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து போகையில் சுடப்பட்டு இறந்தார். அன்று உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி, 1959-ல் திறக்கப்பட்ட மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தெப்பக்குளத்துக்கோ கடைவீதிக்கோ பிள்ளைகளோடு மதுரை செல்லும் குடும்பங்கள் அங்கும் ஒரு நடை போய் வரலாம்.