குறள் கிடைக்காத மதுரை... குடை கொடுத்த கப்பல் கம்பெனி: யார் இந்த பாலவனத்தம் ஜமீன்தார்?

விருதுநகரில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போகிறவர்கள் பாலவனத்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கரிசல் காடு, மழையை நம்பின கண்மாய், வழியெல்லாம் கருவேல மரம். பெரும்பாலானவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் போன் பார்த்துக்கொண்டே கடந்துவிடும் ஊர்.

ஆனால் 1906-ல் தூத்துக்குடியில் வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட கம்பெனியின் தலைவர் இந்த ஊர் ஜமீன்தார்தான். வ.உ.சி. இல்லையா என்று கேட்பீர்கள். வ.உ.சி. அந்தக் கம்பெனியின் உயிர். பதவி என்று பார்த்தால் அவர் உதவிச் செயலாளர். தலைவர் நாற்காலியில் இருந்தவர் பொன். பாண்டித்துரைத் தேவர்.

அதுக்கு ஐந்து வருஷம் முன்னாடியே மதுரையில் இன்னொரு அமைப்புக்கும் அவர்தான் தலைவர் ஆகியிருந்தார். அது தமிழ்ச் சங்கம். இரண்டில் ஒன்று ஐந்தே வருஷத்தில் மூழ்கிப் போச்சு. இன்னொன்று இன்றைக்கும் இருக்கிறது. ஏன் அப்படி?

அரண்மனைப் பையன்

பாண்டித்துரை பிறந்தது 1867 மார்ச் 21. ராமநாதபுரம் சேதுபதி குடும்பம். அப்பா பொன்னுசாமித் தேவர், அன்றைய சேதுபதி மன்னரின் அண்ணன். சமஸ்தானத்து நிர்வாகத்தில் கை தேர்ந்தவர். புலவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரையை அச்சில் கொண்டுவந்தபோது பின்னால் நின்று செலவைப் பார்த்துக்கொண்டவர் இந்தப் பொன்னுசாமித் தேவர்தான். இந்த விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

பையன் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வளர்த்தது, படிக்க வச்சது எல்லாம் பாதுகாவலரும் ஆசிரியர்களும். தமிழுக்கு அழகர் ராஜு என்ற புலவர், ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர். பதினேழு வயசு வாக்கில் பாலவனத்தம் ஜமீன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

ஜமீன் என்றதும் தங்கத்தட்டு, யானை என்று சினிமா காட்சி ஓட வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம், கம்பு. பொய்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் மழையைப் பார்த்துக் குறையாது. கட்டத் தவறினால் ஜமீனே ஏலத்துக்கு வரும். ஆங்கிலேய அரசு சிரித்தால்தான் ஜமீன்தார் சிரிக்க முடியும் என்ற நிலை. இவர் பின்னால் செய்த காரியத்தை எடைபோட இது தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு உதாரணமும் இருந்தது. சித்தப்பா மகன் பாஸ்கர சேதுபதி, இவரைவிட ஒரு வயசு சின்னவர், ராமநாதபுரம் மன்னர். விவேகானந்தரை சிகாகோவுக்கு அனுப்பத் துணை நின்றவர். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்தே கடனில் மூழ்கினார். 1903-ல் 35 வயசிலேயே இறந்தும் போனார். கொடை என்றால் ராஜா கை நீட்டிக் கொடுப்பது, ராஜா போனால் கொடையும் போகும். அன்றைய வழக்கம் அதுதான்.

பாண்டித்துரையும் முதலில் அந்த வழியில்தான் நடந்தார். ராமநாதபுரத்தில் சோமசுந்தர விலாசம் என்று மாளிகை கட்டினார். புலவர்கள் வந்து தங்கினார்கள், சன்மானம் வாங்கினார்கள். உ.வே.சாமிநாதையர் புறப்பொருள் வெண்பாமாலை, மணிமேகலை இரண்டையும் அச்சிட்டபோது இவர் கொடுத்த பணம் கைகொடுத்தது. இவரே பல நூல்களில் இருந்து பாடல்களைத் தொகுத்து பன்னூற்றிரட்டு என்று ஒரு தொகுப்பும் வெளியிட்டார்.

மதுரையில் ஒரு குறள் இல்லை

1901. மதுரைக்கு ஒரு சொற்பொழிவுக்காக வந்திருக்கிறார். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்க்க குறளும் கம்பராமாயணமும் வேணும். ஆள் அனுப்பி ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். லேசில் கிடைக்கவில்லை. சங்கம் வச்சு தமிழ் வளர்த்த ஊர் என்று பெயர் வாங்கிய மதுரையில்!

அப்பா செலவில் குறள் அச்சானது நாற்பது வருஷம் முன்னாடி. மகனுக்கு மதுரையில் ஒரு பிரதி கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதோடு அவருக்கு இன்னொன்றும் புரிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஒரு புத்தகத்துக்குப் பணம் கொடுத்தால் ஒரு புத்தகம் வரும். அதைத் திரும்பத் திரும்ப அச்சிடவும் படிக்கவும் சொல்லித்தரவும் ஒரு இடம் இல்லையென்றால் ஒரு தலைமுறையில் காணாமல் போகும்.

அதே ஆண்டு செப்டம்பர் 14. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் கூட்டம். பாஸ்கர சேதுபதி வந்திருந்தார், உ.வே.சா. உள்ளிட்ட புலவர்கள் வந்திருந்தார்கள். தமிழ்ச் சங்கம் தொடங்கியது. பழைய மூன்று சங்கங்களின் வரிசையில் வைத்து இதை நான்காம் தமிழ்ச் சங்கம் என்கிறார்கள்.

பேரைக் கேட்டால் புலவர் சபை மாதிரி இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு நிறுவனம். சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை என்று பள்ளி. பாண்டியன் புத்தகசாலை என்று நூலகம். சொந்த அச்சுக்கூடம். 1902 டிசம்பரில் இருந்து செந்தமிழ் என்ற மாத இதழ், ஆசிரியர் ரா.ராகவையங்கார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று பரிதிமாற் கலைஞர் வாதாடியது அந்த இதழில்தான். மத்திய அரசு அதை ஒப்புக்கொள்ள 2004 வரை ஆச்சு!

இதைவிட முக்கியம் தேர்வுகள். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படி. வெளியூர்க்காரர்களும் எழுதலாம், தேறினால் சான்றிதழ். அதை வச்சு தமிழ் வாத்தியார் வேலைக்குப் போகலாம். ராஜா தோளில் போர்த்தும் பொன்னாடையை வச்சு மாசச் சம்பளம் வாங்க முடியாது. சான்றிதழை வச்சு வாங்கலாம். (தமிழ் பி.ஏ. படித்துவிட்டு டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.)

சங்க காலக் கதைகளில் அடிக்கடி ஷேர் ஆகும் ஒன்று உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் குறளில் எதுகை, மோனை சரியில்லை என்று தானே திருத்தி அச்சிட்டாராம். பாண்டித்துரை அத்தனை பிரதியையும் விலைக்கு வாங்கி அழித்தாராம். ஊர் ஊராகச் சொல்லப்படும் கதை என்பதால் விவரங்கள் ஆளுக்கு ஒரு மாதிரி வரும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அபிதான சிந்தாமணி. சென்னையில் ஆ.சிங்காரவேலு முதலியார் பல வருஷம் தனியாக உட்கார்ந்து எழுதிய தமிழ்க் கலைக்களஞ்சியம் அது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தார். பாண்டித்துரை கைகொடுத்தார். 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. இன்றும் மறுபதிப்பு விற்கிறது.

பருத்தி போகும் வழி

இப்போது தூத்துக்குடிக்குப் போவோம். பாலவனத்தத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பருத்திதான். கரிசல் காட்டுப் பஞ்சு விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வந்து, ரயில் ஏறி தூத்துக்குடி போகும். 1870-களில் ரயில் வந்தபிறகு அந்த ஊர் கிடுகிடுவென வளர்ந்தது. பஞ்சுக் கிட்டங்கி, கோரல் மில், கொழும்புக்குப் போகும் தேயிலைத் தோட்டக் கூலிகள், வியாபாரிகள். இன்றைக்கு இருப்பது மாதிரி ஆழ்கடல் துறைமுகம் அப்போது கிடையாது. பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தோணியில் போய் ஏற வேண்டும்.

தூத்துக்குடி-கொழும்பு வழியை ஒரே கம்பெனி கையில் வைத்திருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். ஊர்க்காரர்கள் பி.ஐ. கம்பெனி என்பார்கள். அவர்கள் வச்சதுதான் கட்டணம்.

இங்கேதான் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை வருகிறார். வயசு 34. தமிழ்ப் பித்து உள்ளவர், பின்னாளில் தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர். கையில் திட்டம் இருந்தது, பணம் இல்லை. பணக்காரர்களும் பயந்தார்கள்.

1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஆசியாக்காரர்கள் மட்டும்தான் வாங்கலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பாகம். மீதியை ஊர் ஊராகப் போய் விற்க வேண்டியிருந்தது. பாரதியார் தன் இந்தியா பத்திரிகையில் மக்களைப் பங்கு வாங்கச் சொல்லி எழுதினார்.

இந்த இடத்தில் பாண்டித்துரைத் தேவர் தலைவரானதுக்கு என்ன மதிப்பு? பங்கு என்பதே பலருக்குப் புதுசு. 25 ரூபாய் அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. சேதுபதி குடும்பத்து ஜமீன்தார், தமிழ்ச் சங்கத் தலைவர் பெயர் மேலே இருக்கிறது என்றால் நம்பிக் கொடுப்பார்கள். ஜமீன் பணத்தையும் அவர் போட்டார். ஆனால் பணத்தைவிடப் பெரிய பந்தயம் அந்தப் பெயர்தான். பேஷ்குஷ் கட்டி அரசு தயவில் இருக்கும் ஒரு ஜமீன்தார், அரசுக்குப் பிடிக்காத கம்பெனிக்குத் தலைவராகக் கையெழுத்துப் போடுகிறார்.

முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயில் ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் அந்தக் கப்பல் நின்றுபோனது. கொழும்பில் இருந்து வேறொன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். இப்படியே ஓட்ட முடியாது என்று வ.உ.சி. பம்பாய் போனார், கப்பலோடுதான் வருவேன் என்று கிளம்பிப் போனார். 1907-ல் எஸ்.எஸ். காலியா வந்தது. அடுத்து எஸ்.எஸ். லாவோ. காலியாவில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

அப்புறம் நடந்ததுதான் கட்டணச் சண்டை. பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணா என்றது. பி.ஐ. சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்றது. இன்றைக்கு ஆப் கம்பெனிகள் கேஷ்பேக் கொடுத்து போட்டியாளரைக் காலி பண்ணுவதை நாம் பார்க்கிறோம் இல்லையா? அதே கணக்குதான். நஷ்டத்தைத் தாங்கும் பை யாருடையது பெரிது என்பதுதான் கேள்வி. பி.ஐ.க்குப் பல கடல்களில் கப்பல் ஓடியது. ஒரு வழியில் இழந்ததை இன்னொரு வழியில் எடுத்துவிடலாம். சுதேசிக்கு இருந்தது இந்த ஒரே வழி.

1908

அப்படியும் சனங்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். கம்பெனியை உடைத்தது கட்டணம் மட்டும் இல்லை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள், தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. ஜூலை 7-ல் இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது.

கம்பெனியில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், இயக்குநர்கள் இருந்தார்கள். ஆனால் பங்கு விற்றது, கப்பல் பிடித்தது, தோணிக்காரர், வியாபாரி, கூலிக்காரர் எல்லோரிடமும் பேசியது ஒரே ஆள். அந்த ஆள் கோவை சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்த பி.ஐ.யை எதிர்த்து வாங்கினார்களோ அந்தக் கம்பெனிக்கே காலியா கப்பல் விலைக்குப் போனதாகச் சொல்வார்கள்.

ராமநாதபுரத்தில் இருந்த ஜமீன்தாரால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. இதை அவர் குறையாகச் சொல்வதா, அரசு கொடுத்த பயத்தின் அளவாகச் சொல்வதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. தலைமைப் பெயர் பங்கு விற்க உதவும், கப்பல் ஓட்ட அது போதாது. மதுரைச் சங்கத்தில் நிலைமை வேறு. இதழுக்கு ஓர் ஆசிரியர் போனால் இன்னொருவர் வந்தார். ரா.ராகவையங்காருக்குப் பிறகு மு.ராகவையங்கார். தேர்வுத் தாளைத் திருத்த ஊர் ஊராகப் புலவர்கள் இருந்தார்கள். அரசுக்கும் அதைப் பார்த்து பயம் இல்லை.

1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்பெனியை முடக்கியதில் அவர் பங்கும் உண்டு என்ற ஆத்திரம் அதுக்குப் பின்னால் இருந்தது. நெல்லைச் சீமை முழுக்க போலீஸ் சோதனை. அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 2-ல், பாண்டித்துரைத் தேவர் காலமானார். வயசு 44. கடைசி வரை தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்தான்.

மதுரையில் சங்கம் இருக்கும் தெருவுக்கே தமிழ்ச் சங்கம் சாலை என்று பெயர். செந்தமிழ்க் கல்லூரியும் அங்கேதான் நடக்கிறது.

வ.உ.சி. வெளியே வந்தது 1912 டிசம்பர் 24-ல். அப்போது கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, அதன் தலைவரும் இல்லை. வக்கீல் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடிக்குத் திரும்பாமல் அவர் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார்.