ஓதிக்கொடுத்த ஷைகு உமருல் முக்தார் (ரஹ்)

ஷஹீத் உமருல் முக்தார் (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டதும் குதிரையும் துப்பாக்கியுமே நம்மவர்களின் நினைவுக்கு வருகின்றன. 1981-ல் வெளிவந்த சினிமாப் படமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இத்தாலியர் லிபியாவில் வந்திறங்கியபோது அன்னாருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை அன்னாரின் முதல் வேலை பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதுதான்.

கிழக்கு லிபியாவுக்கு அரபிகள் இட்ட பெயர் பர்கா. அங்கே மினிஃபா கோத்திரத்தில் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்னார் பிறந்தார்கள். தந்தையார் ஹஜ்ஜுப் பயணத்தில் மௌத்தாகிவிடவே, ஷைகு ஹுஸைன் அல் கர்யானி அவர்கள் அந்த யத்தீம் பிள்ளையை வளர்த்து ஓதவைத்தார்கள். பிறகு ஸனூஸிய்யா தரீக்காவின் தலைமையிடமான ஜக்பூபில் எட்டாண்டுகள் மார்க்கக் கல்வி. 1897-ல் அல் குஸூர் என்னும் ஊரிலுள்ள ஜாவியாவுக்கு ஷைகாக நியமிக்கப்பட்டார்கள். ஜாவியா என்றால் திக்ரு மஜ்லிஸ் மட்டுமன்று. பள்ளிவாசல், மத்ரஸா, முஸாபர்கானா, கிணறு, விளைநிலம், கோத்திரத்துச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் சபை எல்லாம் சேர்ந்ததே அங்கத்திய ஜாவியா. இடையில் சாத் நாட்டில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த போரிலும் அன்னார் கலந்துகொண்டதுண்டு.

ஏழு நாளுக்கு ஒருமுறை குர்ஆன் முழுவதையும் ஓதி முடிப்பது அன்னாரின் வழக்கம். போர்க்காலத்திலும் அது விடுபடவில்லை என்று உடனிருந்தோர் அறிவித்திருக்கிறார்கள். இரவில் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம், பின் வுளூ, பின் ஓதல். மின்விசிறிக்கடியில் அமர்ந்து ரமளானில் ஒரு கத்தம் முடிக்கவே நமக்கு எத்தனை சிரமம்!

1911 செப்டம்பர் 29-ல் இத்தாலி துருக்கி மீது போர் தொடுத்தது. மறு ஆண்டே துருக்கி உடன்படிக்கை செய்துகொண்டு விலகிற்று. இடையில் சில காலம் சமாதானம் நிலவியது. 1922-ல் முஸோலினி பதவிக்கு வந்ததும் அதுவும் போயிற்று. ஸனூஸித் தலைவர் ஸய்யிது இத்ரீஸ் அவர்கள் எகிப்துக்குச் சென்றுவிட, பச்சைமலை என்று பொருள்படும் ஜபலுல் அக்ளர் பகுதியில் போரின் முழுப் பொறுப்பும் ஷைகு அவர்களின் தலைமேல் விழுந்தது. பகலில் இத்தாலியருக்கு அடங்கியிருந்த கோத்திரத்தாரும் இரவில் உஷ்ரையும் ஜகாத்தையும் ஷைகின் ஆட்களிடமே கொடுத்தனுப்பினர். 1929-ல் பேச்சுவார்த்தை நடந்தது. பயனில்லை.

1930-ல் துணை ஆளுநராக வந்த தளபதி கிராஸியானி, எதிரியின் வேர் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டான். ஜாவியாக்களைப் பூட்டினான். அவற்றின் நிலங்களைப் பறித்தான். ஷைகுமார்களைக் கடல் கடந்து உஸ்திகா தீவுக்கு அனுப்பினான். பிறகு பச்சைமலை மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை, பெண்டு பிள்ளைகளோடு, ஸலூக், மக்ரூன், அகைலா போன்ற இடங்களில் முள்வேலி முகாம்களில் அடைத்தான். பசியிலும் நோயிலும் அங்கே மாண்டவர்கள் நாற்பதாயிரத்துக்குக் குறையமாட்டார்கள். 1931-ல் கடற்கரையிலிருந்து ஜக்பூப் வரை 270 கிலோமீட்டர் தூரத்துக்கு முள்வேலி போட்டு எகிப்து வழியையும் அடைத்தான். ஷைகு ஓதிய ஊரே வேலியின் ஒரு முனையாயிற்று.

ஒரு கிழவரின் பிடிவாதத்தால்தான் அந்த மக்கள் அழிந்தார்கள் என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. இன்றும் இக்கேள்வி எழலாம். ஆனால் முகாமில் அடைபட்டவர்களில் முன்பே இத்தாலிக்கு அடிபணிந்திருந்த கோத்திரத்தாரும் இருந்தார்கள்! பணிந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. இத்தாலிக்கு வேண்டியிருந்தது நிலம். 1938-ல் ஒரே தடவையில் ஏறக்குறைய இருபதாயிரம் இத்தாலியக் குடியேறிகள் கப்பல்களில் லிபியாவுக்கு வந்திறங்கினர்.

1930 அக்டோபரில் நடந்த ஒரு சண்டையில் ஷைகு அவர்களின் மூக்குக்கண்ணாடி இத்தாலியர் கையில் சிக்கியது. கண்ணாடி கிடைத்துவிட்டது, ஆளும் ஒருநாள் கிடைப்பார் என்று கிராஸியானி இறுமாந்தான். 1931 செப்டம்பர் 11-ல் ஸலன்தாவுக்கு அருகே குதிரை சுடப்பட்டு வீழ, அன்னார் பிடிபட்டார்கள். கப்பலில் பென்காஸிக்குக் கொண்டுவரப்பட்ட அன்னாரிடம் அதே கண்ணாடியைக் கிராஸியானி காட்டினான்.

15-ஆம் தேதி மாலை நடந்த விசாரணை ஒரு மணி நேரமளவே நீடித்தது. ஒருநாளும் இத்தாலிக்கு அடிபணியாத மனிதர்மீது இத்தாலியின் கலகக்காரப் பிரஜை என்று குற்றம் சாட்டினார்கள். அவருக்காக வாதாட நியமிக்கப்பட்ட இத்தாலிய அதிகாரி லொந்தானோ மனசாட்சியோடு பேசிவிட்டார். அதற்காக அவருக்கும் தண்டனை கிடைத்தது. தூக்கு என்று தீர்ப்பானதும், முஸீபத்துச் செய்தி கேட்டால் நாம் ஓதும் அந்த ஆயத்தை ஷைகு அவர்கள் ஓதினார்கள் என்று அறிவிக்கப்படுகிறது.

மறுநாள் ஸலூக்கில், முகாமிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்ட சுமார் இருபதாயிரம் பேர் பார்த்திருக்க, எழுபதை எட்டிய அந்த முதியவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அன்னாரிடம் அலிஃப், பே ஓதியவர்கள் எத்தனை பேர் நின்றார்களோ, அல்லாஹ்வே அறிவான். ஜனாஸாவை ஊரார் கையில் கொடுக்காமல் பென்காஸியில் மறைவாக அடக்கினார்கள். லிபியா 1951 டிசம்பர் 24-ல் விடுதலை பெற்ற பிறகு அங்கே ஒரு நினைவிடம் எழுந்தது. 1980-ல் அன்னாரின் கபுரு ஸலூக்குக்கே மாற்றப்பட்டது.