கணக்கைக் கதையாக்கிய பாஸ்கரர்

பாஸ்கராச்சாரியார் 1114ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை மகேசுவரரே அவருக்கு ஆசிரியராகவும் விளங்கினார். பாஸ்கரர் தம் 36ஆம் வயதில் 'சித்தாந்த சிரோமணி' என்னும் வடமொழி நூலை இயற்றினார். அதன் முதற்பகுதியே 'லீலாவதி'.

கணித விதியை மனப்பாடம் செய்தல் எளிது. அதனை வாழ்க்கையில் பயன்படுத்துதல் அரிது. ஆகவே வட்டி, பண்டமாற்று, தானியக் குவியல் முதலியவற்றைப் பாஸ்கரர் கணக்குகளாக அமைத்தார்.

அவற்றுள் ஒன்று தேனீக்களைப் பற்றியது. ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மலரையும், மூன்றில் ஒரு பங்கு மற்றொரு மலரையும் நாடின. அவ்விரு பங்குகளின் வேறுபாட்டைப்போல் மும்மடங்கு மூன்றாம் மலரை அடைந்தன. ஒரு தேனீ மட்டும் எஞ்சியது. மொத்தம் எத்தனை?

முதலில் 30 எனக் கொள்வோம். சென்றவை 6, 10, 12, ஆக 28. எஞ்சுவன 2. ஆனால் கணக்கில் எஞ்சியதோ 1, அதாவது பாதி. எனவே கூட்டமும் 30இல் பாதி; விடை 15. இவ்வாறு ஓர் எண்ணைக் கருதித் தொடங்கி மெய்விடையை அடையும் முறையைப் பாஸ்கரர் கற்பித்தார்.

அவருடைய பேரர் சாங்கதேவர், பாட்டனாரின் நூல்களைக் கற்பிக்க ஒரு மடம் நிறுவினார். 1587இல் அக்பரின் அவைப்புலவர் ஃபைசி, லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். நூலும் வாழ்ந்தது, கணக்கும் வாழ்ந்தது.