பூ அறையில் ஒரு கட்டில்



மாலை வேளையில் பங்கு மனைக்கு வரும் தாய்மாருள் சிலர் செபம் கேட்டு வந்ததாகவே சொல்லுவர். சற்று நேரம் பேசிய பின்னரே உண்மை வெளிவரும். மகன் குடிக்கிறான், அயலவர் அறியாதபடி அறையினுள் பூட்டி வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் என்றால் வைத்தியசாலைக்கு ஓடும் நாம், குடிநோய் என்றால் கதவைச் சாத்துகிறோம். தவறணையும் கசிப்பும் நம் குடாநாட்டுக்குப் புதியவை அல்ல; இப்போது ஹெரோயின், ஐஸ் என வேறு பெயர்களும் சேர்ந்துவிட்டன. இத்தாய்மாரைக் காணும்போதெல்லாம் அருட்சகோதரி மேரி இக்னேஷியா என் நினைவுக்கு வருகிறார்.

இவர் 1889 சனவரி 2ஆம் நாள் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் பிரிட்ஜெட் கேவின். சிறுமியாகவே பெற்றோருடன் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குடியேறினார். இசை கற்றார், கற்பித்தார். 1914இல் புனித அகுஸ்தீனாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். அங்கும் இசை ஆசிரியப் பணியே. ஆண்டுகள் செல்ல உடலும் மனமும் நொறுங்கிப் படுக்கையில் வீழ்ந்தார். இசைப் பணியை விட்டாலன்றி உயிர் தங்காது என்று வைத்தியர் கூறிவிட்டார். 1928இல் அக்ரன் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட புனித தோமையார் வைத்தியசாலையில், நோயாளரைப் பதிவு செய்யும் மேசை அவருக்குத் தரப்பட்டது. அவர் பயிற்சி பெற்ற தாதி அல்லர் என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள்.

அவ்வைத்தியசாலையில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேட் ஸ்மித், தாமே குடிக்கு அடிமையாயிருந்து 1935இல் மீண்டவர். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர். அக்காலத்தில் குடிகாரரை வைத்தியசாலைகள் ஏற்க விரும்புவதில்லை. 1939 ஓகஸ்ட் மாதம் அவர் கேட்டுக்கொண்டபடி, சகோதரி ஒரு குடிநோயாளரைக் கடும் இரைப்பை அழற்சி என்று பதிவு செய்து அனுமதித்தார். குருமடத்தில் எங்களுக்கு அறநெறி கற்பித்த பேராசிரியர் இதைக் கேட்டால் புருவத்தை உயர்த்தியிருப்பார்! ஆயினும் குடிப்பவரின் இரைப்பை பெரும்பாலும் அழன்றேயிருக்கும். மறுநாள் வைத்தியர், நோயாளருக்குத் தனியிடம் வேண்டும் என்றார். குடியிலிருந்து மீண்டவர்கள் வந்து அவருடன் பேசவேண்டியிருந்தது. தனியறை இல்லை. நோயாளருக்கு வரும் பூக்களை ஒழுங்குபடுத்தும் சிற்றறை ஒன்று இருந்தது. கட்டிலை அதற்குள் தள்ளச் செய்தார் சகோதரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் கெடும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் தோன்றும். உயிரும் போகலாம். மருந்தும் கண்காணிப்பும் உடனே தேவை. பூட்டிய அறையில் அவை கிடைப்பதில்லை. நானும் முன்னர் செபித்து, தீர்த்தம் தெளித்து அனுப்பியதுண்டு. அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன்.

பூ அறை பின்னர் ஒரு விடுதியாயிற்று. சிற்றாலயத்தின் பாடகர் மாடத்துக்கு அங்கிருந்தே செல்லலாம். நோயாளர் பிறர் கண்ணில் படாமல் செபிக்க முடிந்தது. கோப்பி எந்நேரமும் தயாராக இருந்தது. சில நாட்களில் வீடு திரும்புபவருக்குச் சகோதரி சிறிய திருஇருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க நினைத்தால், குடிப்பதற்கு முன் அதைக் கொண்டுவந்து அவர் கையில் தந்துவிட வேண்டும்; அதுவே நிபந்தனை. மெலிந்த அந்தச் சிறிய உருவத்தின் முன் பதக்கத்தோடு போய் நிற்பது எளிதா என்ன?

வைத்தியர் ஸ்மித் 1950இல் இறந்தார். அதற்குள் ஏறத்தாழ 5,000 பேர் அவ்விருவரின் பராமரிப்பைப் பெற்றிருந்தனர். 1952இல் சகோதரி கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டு, அங்குள்ள புனித வின்சென்ட் வைத்தியசாலையில் செபமாலை மண்டபம் என்னும் விடுதியைத் தொடங்கினார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் மறைந்த வைத்தியரின் பெயரெழுத்துகளோடு பொருந்தின. இன்னும் பல்லாயிரவரைப் பராமரித்து, 1966 ஏப்ரல் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். இம்முறை செபத்துக்கு முன், மகன் சாப்பிட்டானா, கை நடுங்குகிறதா என்று கேட்டேன். இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பை எடுத்து அவரே கதவைத் திறந்தார். வாசலில் ஓட்டோ காத்திருந்தது.