கப்பல் தேடி பம்பாய் வந்த வ.உ.சி.

கப்பலோட்டிய தமிழன் என்றதும் பலருக்கு 1961-ல் வந்த படமும், அதில் சிவாஜி கணேசன் செக்கிழுத்த காட்சியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கப்பலைத் தேடி வ.உ.சிதம்பரம் பிள்ளை வந்த ஊர் நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தப் பம்பாய்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பலை வாங்கியது எப்படி, அதைக் கட்டிக் காக்க அவர் பட்ட பாடு என்ன, கடைசியில் அது ஏன் கை நழுவியது என்பதெல்லாம் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய சங்கதிகள்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

வ.உ.சி. 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். மகனும் தந்தை வழியிலேயே சட்டம் படித்து வக்கீலானார். ஏழைகளுக்காகப் பணம் வாங்காமல் வாதாடியதால் போலீசாரின் பகை வளர்ந்தது. 1900-ல் ஜாகையைத் தூத்துக்குடிக்கு மாற்றிக் கொண்டார்.

அந்நாளில் இலங்கைக்குப் போகும் வழி தூத்துக்குடிதான். மதுரையிலிருந்து அங்கே ரயில் பாதை 1876-லேயே வந்துவிட்டது. பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிக்குப் போகும் பாதை 1914-ல்தான் திறக்கப்பட்டது. அதுவரை தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் கொழும்பில் கடை வைத்தவர்களும் தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினார்கள். பஞ்சு, அரிசி, கருவாடு எல்லாம் அந்த வழியேதான் போயின.

இத்தனை போக்குவரத்தும் ஒரே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. அதுதான் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வைத்திருந்த பெரும் ஸ்தாபனம். தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். அவர்கள் வைத்ததுதான் கட்டணம். உள்ளூர் வியாபாரிகள் வாய் பேசாமல் கொடுத்து வந்தார்கள்.

25 ரூபாய் பங்கு

1905-ல் வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளம்பியது. அந்நியத் துணியை விடுவது பற்றி மற்றவர்கள் பேசிக் கொண்டிருந்தபோது, அந்நியக் கப்பலை விடுவது பற்றி வ.உ.சி. யோசித்தார்.

1906 அக்டோபர் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. முதல் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத் தலைவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பெயர்தான் உதவி, ஓடி ஆடிய கால்கள் அவருடையவை.

ஜனாப் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8 ஆயிரம் பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மீதியை ஊர் ஊராகப் போய்த் திரட்ட வேண்டியிருந்தது. 25 ரூபாய் என்பது அன்றைய கூலிக்காரனுக்குச் சில மாதச் சம்பளம். வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை முன்பின் கண்டிராத கப்பலை நம்பிக் கொடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். அந்தப் பொறுப்பு வ.உ.சி.யின் தலையில் இருந்தது.

பம்பாய்ப் பயணம்

கம்பெனி ஆரம்பித்தபோது சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி சும்மா இருக்குமா? ஷாலைன் கம்பெனியை நெருக்கி, வாடகைக் கப்பலைத் திரும்ப வாங்க வைத்தது. சரக்கு ஏற்ற ஆள் இருந்தும் கப்பல் இல்லை. வ.உ.சி. உடனே கொழும்புக்குப் போய் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து மானத்தைக் காப்பாற்றினார்.

இரவல் கப்பல் என்றைக்கும் ஆபத்து என்பது அப்போது புரிந்துவிட்டது. சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடுதான் திரும்புவது, இல்லாவிட்டால் அங்கேயே கடலில் விழுந்து உயிரை விடுவது என்று சபதம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்தச் சமயம் மூத்த மகன் நோயில் கிடந்தான், மனைவி கர்ப்பமாக இருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வீட்டை ஆண்டவன் பார்த்துக் கொள்வான் என்று ரயில் ஏறியவர் அவர்.

பம்பாய் அன்றே பெரிய துறைமுகம். பிரின்ஸஸ் டாக் 1880-லும் விக்டோரியா டாக் 1888-லும் திறக்கப்பட்டிருந்தன. கப்பல் வியாபாரமும் தரகும் இங்கேதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக நம்மவர்கள் தாராவியில் குடியேறத் தொடங்கியிருந்த காலமும் அதுதான். பாஷை வேறு, மனிதர் வேறு. அந்த ஊரில் ஒரு தூத்துக்குடி வக்கீல் கப்பல் கேட்டு அலைந்தார். திலகர் பெருமானின் ஆதரவு அவருக்கு இருந்தது.

முயற்சி பலித்தது. எஸ்.எஸ். காலியா என்ற கப்பல் கம்பெனிக்குச் சொந்தமாயிற்று. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4 ஆயிரம் மூட்டை சரக்கும் ஏற்றலாம். பிரான்சிலிருந்து எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டாவது கப்பலும் வாங்கப்பட்டது. 1907 மே மாதத்தில் காலியா தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றபோது ஊரே கரையில் திரண்டது. கொடியில் வந்தே மாதரம் என்ற எழுத்துகள் பறந்தன.

கப்பல் தின்னும் காசு

படத்தில் இந்த இடத்தில் கை தட்டிவிட்டு நாம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். ஆனால் வ.உ.சி.க்குக் கஷ்டம் ஆரம்பித்ததே இங்கேதான்.

மாடு வாங்குவது ஒரு நாள் செலவு. தீனி போடுவது தினசரி செலவு. கப்பலும் அப்படித்தான். நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பாய்லர் எரிந்தாக வேண்டும். பாய்லருக்குள் உப்புப் படிந்தால் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் கரிச் செலவு ஏறும், வேகம் குறையும். அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கொள்ளும். அதைச் சுத்தம் செய்து வர்ணம் அடிக்கக் கப்பலைத் தண்ணீர் இல்லாத டாக்கில் ஏற்ற வேண்டும். அந்த வசதி தூத்துக்குடியில் கிடையாது. பம்பாயில் மெரிவெதர் டாக் போன்ற இடங்களுக்குக் கொண்டு போனால் அத்தனை நாளும் வருமானம் இல்லை.

இது போதாதென்று தூத்துக்குடியில் கடல் ஆழம் குறைவு. கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆட்களையும் மூட்டைகளையும் தோணியிலும் நீராவிப் படகிலும் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஆகவே கப்பலோடு படகுகளையும் படகுக்காரர்களையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. கேப்டன், என்ஜினீயர், கரி தள்ளுகிறவர், மாலுமி என்று ஒவ்வொருவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம்.

இந்தச் செலவையெல்லாம் டிக்கெட் பணமும் சரக்குக் கூலியும்தான் ஈடு கட்ட வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனி சரியாக அந்த இடத்தில் கை வைத்தது. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாக இறக்கியது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு குடையும் கொடுத்தது. நூறு கப்பல் வைத்திருப்பவனுக்கு ஒரு வழியில் வரும் நஷ்டம் பெரிதல்ல. மற்ற வழிகளில் ஈடு கட்டிக் கொள்வான். இரண்டு கப்பல் வைத்திருப்பவனுக்கு ஒவ்வொரு காலி இருக்கையும் கடன்.

ஆனாலும் குடையை மறுத்துக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் பலர். அவர்களெல்லாம் பெரிய தலைவர்கள் அல்லர். அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலையில் இருந்தவர்கள். காலியா கப்பல் அத்தனை நாள் ஓடியது அவர்கள் கொடுத்த எட்டணாக்களில்தான்.

சிறையும் செக்கும்

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மில்லின் சொந்தக்காரர்கள் அதே ஹார்வி கம்பெனியார். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. கம்பெனி நிர்வாகிகளில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வியாபாரம் வேறு, அரசியல் வேறு என்றார்கள். வ.உ.சி.க்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை.

மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. சரியாக 15 நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி, பம்பாய் ஹைகோர்ட்டில் திலகருக்கும் 6 ஆண்டு தண்டனை கிடைத்தது. அதைக் கேட்டு இந்த ஊர் மில் தொழிலாளர்கள் 6 நாள் வேலையை நிறுத்தினார்கள்.

கோவைச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் வ.உ.சி. இருந்தார். மாட்டைப் பூட்டும் செக்கில் அவரைப் பூட்டினார்கள். அங்கே அவர் செக்கிழுத்துக் கொண்டிருந்தபோது, இங்கே கம்பெனி ஓட ஆளில்லாமல் திணறியது. பங்குதாரர்கள் பயந்தார்கள். கட்டணப் போட்டியும் அதிகாரிகளின் கெடுபிடியும் ஓயவில்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் கை மாறின.

யாரும் வராத வாசல்

1912 டிசம்பரில் விடுதலையானார். கப்பல் இல்லை, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. கண்ணூர்ச் சிறை வாசலில் வரவேற்க விரல் விட்டு எண்ணும் ஆட்களே வந்தார்கள். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா.

பிறகு சென்னையில் வறுமையோடு போராடினார். தென் ஆப்பிரிக்காவில் பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் அவருடைய நிலைமை கேட்டுப் பணம் சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். 1915, 1916-ம் ஆண்டுகளில் இருவருக்கும் இது பற்றிப் பல கடிதங்கள் நடந்தன. கடைசியில் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. லட்சக்கணக்கில் பங்கு திரட்டியவருக்கு அன்று அந்தத் தொகை பெரிது. பிழைக்கப் போன இடத்தில் கூலி வேலை செய்தவர்கள் அவரை மறக்கவில்லை என்பது அதைவிடப் பெரிது.

வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத வ.உ.சி. தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தினார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார்.

இரண்டு கம்பெனிகள்

வ.உ.சி. தோற்றார் என்று சிலர் சொல்வார்கள். அவருக்கு முன்பே, 1893-ல், ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானுக்குக் கப்பல் விட்டு இதே கட்டணப் போட்டியில் கைவிட்டார். 1919 ஏப்ரல் 5-ந் தேதி சிந்தியா கம்பெனியின் லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கம்பெனியையும் கட்டணத்தைக் குறைத்தே ஒழிக்கப் பார்த்தார்கள். ஆனால் அதற்கு நாலரைக் கோடி ரூபாய் முதல் இருந்தது. வால்சந்த் ஹிராசந்த் போன்றவர்கள் வெளியே இருந்து நடத்தினார்கள். அதனால் நின்றது. பல்லார்ட் எஸ்டேட் பக்கம் போகிறவர்கள் சிந்தியா ஹவுஸ் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். வ.உ.சி.க்கு 10 லட்சம்தான், அவரோ சிறையில்.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. சில மாதங்களிலேயே செலவுக்கு வரவு கட்டாமல் நின்றுபோனது. போட்டிக்கு வெள்ளைக்காரன் இல்லாத காலத்திலும் அந்த வழியில் ஒரு கப்பலைத் தொடர்ந்து ஓட்டுவது இவ்வளவு கடினம். குடை கொடுத்துக் கெடுத்தவனை எதிர்த்து, எட்டணா டிக்கெட்டில், ஒரு வக்கீல் அதை ஓட்டிக் காட்டினார்.

பம்பாயில் சங்கம், சொசைட்டி, சீட்டு, பள்ளிக்கூடம் என்று நம்மவர்கள் எத்தனையோ தொடங்குகிறார்கள். தொடக்க விழாவுக்குக் கூட்டம் நிறைகிறது. மாதச் சந்தா கேட்டு வரும்போதுதான் ஆள் குறைகிறது. காலியா கப்பலுக்கும் நேர்ந்தது அதுதான். அடுத்த முறை சந்தா நோட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது, குடையை வேண்டாம் என்று சொல்லி எட்டணா கொடுத்தவர்களை நினைத்துக் கொள்வோம்.